22 எழுத்துகளும் என் இடது முழங்காலும்

போன மாதம் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது எதிரே இருந்த டிவியில் ஒரு அனிமேஷன் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் மூட்டுக்குள் ஊசி இறங்குகிறது, நீல நிறக் குமிழ்கள் பரவுகின்றன, ஓட்டை விழுந்திருந்த குருத்தெலும்பு பத்தே விநாடியில் வழவழவென்று மூடிக்கொள்கிறது. அதை நாலைந்து முறை பார்த்தேன். பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஆசை கூடிக்கொண்டே போனது உண்மை. உள்ளே கூப்பிட்டுப் பேசிய பெண், "இது எக்ஸோசோம் ஊசி மேடம், இதுக்குள்ள மைக்ரோஆர்என்ஏ இருக்கு, அதுதான் ஜவ்வை வளர்க்குது. மூணு ஊசி, மொத்தம் ஒன்றரை லட்சம்" என்றார்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். எந்த மைக்ரோஆர்என்ஏ? ஒரு ஊசியில் எவ்வளவு இருக்கிறது? இதுவரை எத்தனை மனிதர்களின் முழங்காலில் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? அந்தப் பெண்ணிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் "மைக்ரோஆர்என்ஏ" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் கூடவே வந்துவிட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள். டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள். அதே விஷயம் என் மூட்டு வலிக்கு மருந்தாக வரலாம் என்றால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் மூன்று வாரமாக ராத்திரி உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் என்னைப் போலவே அந்த டிவிக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் என் கதை, சுருக்கமாக. மூன்று வருடத்துக்கு முன் பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கான த்ரோபால் ஆட்டம். எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டு இறங்கும்போது இடது கால் ஊன்றியபடியே நிற்க உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே ஏதோ நழுவிய மாதிரி ஒரு உணர்வு, அப்புறம் வீக்கம். எம்ஆர்ஐ எடுத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் "ஜவ்வு போயிடுச்சு" என்றார்கள். நம் ஊரில் இந்த ஜவ்வு என்ற சொல் படுத்துகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கிற தசைநாரும் ஜவ்வுதான், இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் ஜவ்வுதான், எலும்பு முனையில் பளபளவென்று ஒட்டியிருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வுதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஆறுகிற விதமும் வேறு. உங்களுக்கு ஜவ்வு போய்விட்டது என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கட்டாயம் கேளுங்கள். எனக்குப் போனது மூன்றாவது. தொடை எலும்பின் கீழ்முனையில், உட்பக்கம், ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பு பெயர்ந்து எலும்பு வெளியே தெரிந்தது.

தோல் கிழிந்தால் ஆறுகிறது, எலும்பு உடைந்தால்கூடக் கூடிவிடுகிறது, இது மட்டும் ஏன் வளரமாட்டேன் என்கிறது? குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர். மீதி, இரண்டாம் வகைக் கொலாஜன் என்கிற நார்வலையும், அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிற அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறும். இதையெல்லாம் கட்டிக் காப்பாற்றுகிற காண்ட்ரோசைட் செல்கள் மொத்தக் கன அளவில் நூற்றில் ஓரிரு பங்குதான் இருக்கும். ஒவ்வொன்றும் தன் சின்னக் குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நாம் நடக்கும்போது அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவதில் மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வரும், அதில் வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. காயம் பட்டால் ரத்தம் வந்து உறைந்து, பழுதுபார்க்கிற செல்கள் ஓடிவந்து என்று மற்ற இடங்களில் நடக்கிற எதுவும் இங்கே நடக்காது. 1743-லேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் லண்டனில், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வருவதில்லை என்று எழுதிவைத்தார். அவர் எழுதி 280 வருடம் தாண்டிவிட்டது.

எனக்குச் செய்தது மைக்ரோஃப்ராக்சர் என்ற அறுவைச் சிகிச்சை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்பவர் 1980களில் கொண்டுவந்த முறை. குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவார்கள், மஜ்ஜையிலிருந்து ரத்தமும், வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களும் கசிந்து வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். நிரப்பும், ஆனால் பழைய குருத்தெலும்பால் இல்லை. முதல் வகைக் கொலாஜன் அதிகமாக உள்ள, தழும்பு மாதிரியான, நார் நாரான ஒன்றால். ஆறு வாரம் ஊன்றுகோல். அதன் பிறகு ஒன்றரை வருடம் நன்றாகவே இருந்தது, மாடி ஏறினேன், கோயில் பிரகாரம் சுற்றினேன், தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். இப்போது மாடிப்படி இறங்கும்போது அந்தப் பழைய வலி மெல்லத் திரும்ப வருகிறது. இந்தத் தழும்புத் திசு சில வருடங்களில் தேயத் தொடங்கும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான்.

நம் செல்லையே எடுத்து, வெளியே வளர்த்து, திரும்ப உள்ளே வைக்கிற முறையும் இருக்கிறது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் 1987-ல் முதன்முதலாகச் செய்தார்கள், 23 நோயாளிகளின் முடிவை 1994-ல் வெளியிட்டார்கள். இந்தியாவிலும் செய்கிறார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சை, பெரிய செலவு. என் காயம் சின்னது என்பதால் அன்றைக்கு அது வேண்டாம் என்று முடிவானது.

சரி, மைக்ரோஆர்என்ஏவுக்கு வருகிறேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவேடு உள்ளேயே இருக்கும், வெளியே வருவது நகல்தான். செல்லிலும் அப்படியே. டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. எந்தப் புரதம் வேண்டுமோ அந்தப் பக்கத்தின் நகல், தூது ஆர்என்ஏ, வெளியே வருகிறது. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. நான் படித்த காலத்தில் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் நகல் வெளியே வந்தபிறகும் அதைப் படிக்கவிடாமல் செய்ய செல்லிடம் ஒரு வழி இருக்கிறது. ஏறக்குறைய 22 எழுத்து நீளமே உள்ள ஒரு குட்டி ஆர்என்ஏ, ஆர்கோநாட் என்ற புரதத்தின் மேல் ஏறிக்கொண்டு, தன் எழுத்துக்குப் பொருந்துகிற எழுத்து உள்ள நகல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் அந்த நகலைப் படிப்பது தடைபடும், அல்லது நகலே சிதைக்கப்படும். பொருத்தம் பார்ப்பதில் முக்கியமாகக் கவனிப்பது முன்பக்கத்து ஏழெட்டு எழுத்துகளைத்தான். அதனால் ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான வெவ்வேறு நகல்களின் சத்தத்தைக் குறைக்க முடியும். ஒன்றையும் முழுதாக அணைப்பதில்லை, பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது.

இதை விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குன்னும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்து 1993-ல் வெளியிட்டபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று நினைத்துவிட்டார்கள். 2000-ல் ருவ்குன் குழு கண்ட இன்னொரு மைக்ரோஆர்என்ஏ மனிதன் உட்பட விலங்குகள் பலவற்றிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் கதவு திறந்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த அக்டோபர் வாரம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதைப் பற்றித்தான் பேசினேன். அன்றைக்கு இதற்கும் என் முழங்காலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இவற்றுக்குப் பெயர் எண்தான், முன்னால் மைக்ரோஆர்என்ஏ என்பதன் சுருக்கமாக 'மிர்' என்று வரும். குருத்தெலும்பைப் பற்றிப் படித்தால் முதலில் வருவது மிர்-140. உடம்பில் பல இடத்தில் இல்லாமல் குருத்தெலும்புச் செல்களில் குவிந்து கிடக்கிறது. ஹிரோஷி அசஹாரா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு இதைத் துருவித் துருவிப் பார்த்தது. தேய்மானம் வந்த மனிதக் குருத்தெலும்பில் மிர்-140 குறைந்திருந்தது. சுண்டெலியிடமிருந்து அந்த மரபணுவை எடுத்துவிட்டால், அது குள்ளமாக வளர்ந்தது, வயதாகும் முன்பே மூட்டு தேய்ந்தது. மாறாக, குருத்தெலும்பில் மிர்-140 அதிகமாக இருக்கும்படி செய்த சுண்டெலிக்கு மூட்டழற்சியை வரவழைத்தபோது குருத்தெலும்பு தாக்குப்பிடித்தது. 2010-ல் வந்த முடிவு இது. அக்ரிகனை வெட்டித் தள்ளுகிற அடாம்ட்ஸ்-5 என்ற நொதியின் நகலை மிர்-140 அடக்குகிறது என்பது ஒரு முக்கியக் காரணம்.

மனிதரிலும் ஒரு சாட்சி இருக்கிறது, எனக்கு உடம்பு சிலிர்த்த இடம். 2019-ல் வந்த ஆய்வு. பிறவியிலேயே எலும்பு வளர்ச்சி பாதித்த சிலருக்கு என்ன கோளாறு என்று தேடிப் போனபோது, மிர்-140-ல், அந்தப் பொருத்தம் பார்க்கிற முன்பக்கத்தில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மூன்று பில்லியன் எழுத்து உள்ள மரபணுத் தொகுப்பில் ஒரு எழுத்து. அது மாறியதும் அடக்க வேண்டியதை விட்டுவிட்டு, அடக்கக் கூடாத வேறு நகல்களைப் போய் அடக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் குட்டி மூலக்கூறு எவ்வளவு வலுவானது என்பதற்கும், இதை மருந்தாக்கும்போது ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது என்பதற்கும் இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது, இந்த மூன்று வாரத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த ஆய்வு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா க்ராஸ், மிங்-ஃபெங் ஷூவே குழு 2019 அக்டோபரில் வெளியிட்டது. புரதங்களுக்கு வயதானால் அவற்றில் சில அமினோ அமிலங்கள் மெல்ல வேறொன்றாக மாறுகின்றன, அந்த மாற்றத்தை அளந்தால் புரதம் எவ்வளவு பழையது என்று சொல்லலாம். அப்படி அளந்து பார்த்தார்கள். நம் கணுக்கால் குருத்தெலும்பில் இருக்கும் புரதங்கள் இளசு. முழங்காலில் நடுவயது. இடுப்பில் கிழடு. அதாவது, கீழே போகப் போகப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலை வேகமாக நடக்கிறது. கணுக்கால் காயம் முழங்கால் காயத்தைவிடச் சீக்கிரம் ஆறுவதையும், கணுக்காலில் தேய்மானம் அரிதாக வருவதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. கால் வெட்டுப்பட்டால் புதுக்கால் முளைக்கிற சாலமாண்டர் வகை உயிரிகளிலும், துடுப்பு முளைக்கிற வரிக்குதிரை மீனிலும் அந்த முளைப்பை நடத்துகிற மைக்ரோஆர்என்ஏக்கள் எவை என்று முன்பே தெரியும். மிர்-21, மிர்-31, மிர்-181சி. அதே மூன்றும் மனிதக் குருத்தெலும்பில் இருக்கின்றன. கணுக்காலில் அதிகம், முழங்காலில் அதைவிடக் குறைவு, இடுப்பில் இன்னும் குறைவு.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குருத்தெலும்பு வளரவே வளராது என்று எல்லோரும் சொல்லி நானும் நம்பியிருந்தேன். வளர்க்கிற வழி உடம்புக்குத் தெரியாமல் இல்லை. தெரிகிறது, என் காலிலேயே ஒன்றரை அடி கீழே ஓரளவுக்கு நடக்கிறது, முழங்காலில் அது அடங்கிக் கிடக்கிறது. அடங்கிக் கிடப்பதை எழுப்புவது என்பது இல்லாததை உண்டாக்குவதைவிடச் செய்யக்கூடிய காரியமாகத் தோன்றுகிறது. மைக்ரோஆர்என்ஏ மருந்தின் மேல் எனக்கு வந்த நம்பிக்கை இங்கிருந்துதான் வந்தது, அந்த டிவியிலிருந்து இல்லை.

மருந்தாக்குவதற்கு இரண்டு வழி. குறைந்துபோன நல்லதைச் செயற்கையாகச் செய்து உள்ளே அனுப்பலாம். அல்லது, கூடிப்போய்க் கெடுதல் செய்கிற ஒன்றின் மேல் போய் ஒட்டி அதை முடக்குகிற எதிர்-எழுத்தை அனுப்பலாம். இரண்டாவது வழியில் நிறைய வேலை நடந்திருக்கிறது. கனடாவில் டொரோன்டோவில் மோஹித் கபூரின் குழு மிர்-181ஏ-யை முடக்கும் ஊசியை எலி, சுண்டெலி மூட்டுகளுக்குள் போட்டு, குருத்தெலும்பு அழிவது குறைவதை 2019-ல் காட்டியது. அதே குழு பிறகு மிர்-34ஏ-யை முடக்கியும் அதே மாதிரிப் பலன் கண்டது. என் மாதிரி ஒரு இடத்தில் பெயர்ந்துபோன காயத்துக்கு நெருக்கமானது மிர்-221. இது ஸ்டெம் செல் குருத்தெலும்பாக மாறுவதைத் தடுக்கிற ஒன்று. இதை முடக்குகிற மூலக்கூறை ஒரு ஜெல்லில் கலந்து பள்ளத்தில் நிரப்பினால், அங்கே வந்து சேருகிற செல்கள் நல்ல குருத்தெலும்பைக் கட்டுவதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அது மாட்டு மூட்டிலிருந்து எடுத்த துண்டை சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்துச் செய்த சோதனை. ஜப்பானில் ஹிரோஷிமாவில் மிர்-210-ஐ எலியின் முழங்காலில் செலுத்தி, கிழிந்த மெனிஸ்கஸும் தசைநாரும் ஆறுவதை வேகப்படுத்தியிருக்கிறார்கள்.

மிர்-221 பற்றிப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. மைக்ரோஃப்ராக்சரில் என் எலும்பில் ஓட்டை போட்டதும் மஜ்ஜையிலிருந்து செல்கள் வரத்தானே செய்தன. வந்த செல்கள் தழும்பு கட்டின. அந்த நேரத்தில், அந்தப் பள்ளத்தில், இப்படி ஒரு ஜெல் இருந்திருந்தால்? புதிதாகப் பெரிய அறுவைச் சிகிச்சை எதுவும் வேண்டாம், ஏற்கனவே ஊர் ஊராகச் செய்துகொண்டிருக்கிற ஒன்றோடு சேர்த்துவிடலாம். முதலில் மனிதர்களுக்குப் பலன் தரப்போவது இந்த மாதிரி வழியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கவனித்தீர்களா, எலி, சுண்டெலி, மாட்டுத் துண்டு. குருத்தெலும்புக்கென்று அனுமதி பெற்ற மைக்ரோஆர்என்ஏ மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. குருத்தெலும்புக்கு மட்டுமல்ல, வேறு எந்த நோய்க்கும்கூட மைக்ரோஆர்என்ஏ மருந்து எதுவும் இன்னும் அனுமதி பெறவில்லை. இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு குட்டி ஆர்என்ஏ வகையில் 2018-லிருந்து மருந்துகள் வந்துவிட்டன, கொலஸ்ட்ராலைக் குறைக்க வருடத்துக்கு இரண்டு ஊசி என்று ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிற மருந்துகள். கல்லீரல் ரத்தத்தில் வருவதையெல்லாம் தானாகவே இழுத்துக்கொள்ளும் உறுப்பு. குருத்தெலும்பு அதற்கு நேர் எதிர்.

இதுதான் உண்மையான சிக்கல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூட்டுக்குள் ஊசி போட்டால், சின்ன மூலக்கூறுகள் சில மணி நேரத்திலேயே மூட்டைவிட்டு வெளியேறிவிடும். அதற்குள் குருத்தெலும்புக்குள் நுழைய வேண்டும். நுழைய வேண்டிய வலையின் கண்கள் நானோமீட்டர் அளவில்தான் இருக்கின்றன. அந்த வலை முழுக்க எதிர்மின்னூட்டம், ஆர்என்ஏவும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். எலியின் மூட்டில் குருத்தெலும்பு ஒரு தாள் மாதிரி மெல்லிசு, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். நம் முழங்காலில் இரண்டு, மூன்று, சில இடத்தில் அதற்கும் மேல் மில்லிமீட்டர் கனம். எலியில் எளிதாக ஊறிப்போனது நம்மிடம் குருத்தெலும்பின் மேற்பரப்பைத் தாண்டாமல் நின்றுவிடலாம். எலியில் வெற்றி என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கன வித்தியாசத்தை நான் நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கும் வழி பார்த்திருக்கிறார்கள். எதிர்மின்னூட்டம் தள்ளுகிறது என்றால் நேர்மின்னூட்டம் உள்ள வண்டியில் ஏற்றி அனுப்பினால், அந்த வலையே அதை உள்ளே இழுக்கும் அல்லவா? அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பவுலா ஹாமண்டும் ஆலன் க்ரோட்ஸின்ஸ்கியும் 2018-ல் இதைச் செய்துகாட்டினார்கள். மரக்கிளை மாதிரி கிளைத்த ஒரு குட்டி மூலக்கூறில் வளர்ச்சிப் புரதம் ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். மனித அளவு கனமுள்ள மாட்டுக் குருத்தெலும்பை அது இரண்டு நாளில் ஊடுருவியது, எலி முழங்காலில் 30 நாள்வரை தங்கியது. அதில் ஏற்றியது மைக்ரோஆர்என்ஏ இல்லை, வேறு சரக்கு. ஆனால் போகிற பாதை ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் நடக்கிற வேலைதான், புதிய புதிய மிர் எண்களைக் கண்டுபிடிப்பதைவிட, எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிர்-34ஏ என்று மேலே சொன்னேனே, மூட்டில் அதை முடக்கினால் நல்லது. அதே மிர்-34ஏ புற்றுநோயில் கட்டியை அடக்குகிற ஒன்று. அதனால் புற்றுநோயாளிகளுக்கு அதைச் செயற்கையாகச் செய்து ரத்தத்தில் செலுத்துகிற மருந்து ஒன்று மனிதப் பரிசோதனைவரை வந்தது. கடுமையான நோய் எதிர்ப்பு எதிர்வினைகள் வந்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன, 2016-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் வேண்டும், இன்னோரிடத்தில் வேண்டாம் என்றால், மூட்டுக்குப் போட்டது மூட்டிலேயே நிற்க வேண்டும் என்பது வெறும் வசதிக்காகச் சொல்வது இல்லை. வலியோடு இருந்தாலும் உயிருக்கு ஆபத்து இல்லாதவள் நான், என் மாதிரி ஆட்களுக்குப் போடுகிற ஊசிக்கு இந்த அளவுகோல் இன்னும் கடுமையாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடாம்ட்ஸ்-5 நொதியை மட்டும் தடுக்கிற மாத்திரை ஒன்றை 932 தேய்மான நோயாளிகளிடம் ஒரு வருடம் சோதித்தார்கள், 2020-ல் முடிவு வந்தது, குருத்தெலும்பு இழப்பு குறையவில்லை. ஒரு நொதியைக் குறிவைத்தால் போதாது என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன், பலவற்றை ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிற மைக்ரோஆர்என்ஏவுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று. ஆனால் பலவற்றைத் தொடுவது என்றால் தொடக்கூடாததையும் தொடலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்ப்ரிஃபெர்மின் என்ற வளர்ச்சிப் புரத ஊசியை 549 பேரிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு வருடத்தில் 0.05 மில்லிமீட்டர் கனம் கூடியிருந்தது. கூடியது உண்மை. வலியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. குருத்தெலும்பு வளர்வது வேறு, மாடிப்படியில் வலி இல்லாமல் இறங்குவது வேறு என்பதை இந்த ஆய்வு எனக்கு அழுத்தமாகச் சொன்னது. எம்ஆர்ஐ படத்தைக் காட்டி "வளர்ந்திருக்கிறது பாருங்கள்" என்று யாராவது சொன்னால் நடையில் என்ன மாற்றம் என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கிளினிக் சொன்ன எக்ஸோசோம். அது பொய்ச் சரக்கு இல்லை, அதனால்தான் ஏமாறுவது எளிது. செல்கள் வெளியே தள்ளுகிற மிகச் சின்னப் பைகள் அவை, உள்ளே மைக்ரோஆர்என்ஏ உட்படப் பல இருக்கும். சிங்கப்பூரில் ஒரு குழு ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த எக்ஸோசோமை எலி முழங்காலில் வாரம் ஒரு முறை போட்டு, 12 வாரத்தில் பள்ளம் நல்ல குருத்தெலும்பால் நிரம்பியதை 2016-ல் வெளியிட்டது. ஷாங்காயில் மிர்-140 கூடுதலாக ஏற்றிய எக்ஸோசோமை 2017-ல் சோதித்தார்கள், அதுவும் எலிதான். இவை நேர்மையான, நல்ல ஆய்வுகள். ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் எந்தச் செல்லிலிருந்து, எப்படிப் பிரித்து, எவ்வளவு என்று அளந்து போட்டதும், ஒரு கிளினிக்கின் ஃப்ரிட்ஜில் இருக்கிற குப்பியும் ஒன்றாகிவிடாது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற அமைப்பான எஃப்டிஏ, தான் அனுமதித்த எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை என்றும், அப்படிப்பட்ட ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் வந்திருக்கின்றன என்றும் 2019 டிசம்பரிலேயே பொது எச்சரிக்கை விட்டது. அந்த ஒன்றரை லட்சம் பேச்சு என்னைக் கோபப்படுத்துவது இதனால்தான். முப்பது வருட உழைப்பில் பொறுமையாக எழும்பிக்கொண்டிருக்கிற ஓர் அறிவியலை, அது தயாராகும் முன்பே எடுத்து, வலியில் இருக்கிறவரிடம் விற்கிறார்கள். நாளைக்கு உண்மையான மருந்து வரும்போது, "அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, ஏமாத்து வேலை" என்று மக்கள் ஒதுக்கிவிட்டால் அந்த நஷ்டம் யாருக்கு?

என் அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவருக்கும் இரண்டு முழங்காலும் தேய்மானம்தான். முழுதாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வராது, உனக்கு வந்தா சரி" என்றார். பிறகு வழக்கம்போல பிரண்டைத் துவையல் அரைக்க எழுந்துபோனார். எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுந்தார். அந்த வாக்கியத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கும் வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

என் ஆர்த்தோ டாக்டரிடமும் பேசினேன். அவர் நான் கொண்டுபோன தாள்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "டீச்சர், மனுஷங்களுக்கு முறையான பரிசோதனை ஆரம்பிச்சு, நீங்க அதுக்குப் பொருந்தினா, நானே உங்களை அனுப்புறேன். அதுவரைக்கும் இருக்கிற குருத்தெலும்பைக் காப்பாத்துங்க" என்றார். காப்பாற்றுவது என்றால் தொடைத் தசையைப் பலப்படுத்துவது, எடையில் நான்கு கிலோ குறைப்பது, சம்மணம் போட்டு உட்காருவதைத் தவிர்ப்பது. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை காலையில் இருபது நிமிடம், ராத்திரி இருபது நிமிடம் செய்கிறேன். காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிக்கும்போது கண் தானாகக் கணுக்காலுக்குத்தான் போகிறது.

முந்தாநாள் அந்தக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது, இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் இருபதாயிரம் தள்ளுபடியாம். அதே மூன்று கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் எனக்கு எம்ஆர்ஐ இருக்கிறது. படம் வந்ததும் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.